பட்டறையில் விளையாட ஒரு மணி நேரம்

(தருமபுரியில் சிறு, குறுந்தொழில் நடத்துவோர் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழ் அச்சடித்தவர் எனக்குப் போன் போட்டு, "சார், தலைப்பு 'பணியிடத்தில் விளையாட்டு' என்றுதானே? 'பாதுகாப்பு' என்று இருக்க வேண்டியது தவறி வந்துவிட்டதா?" என்று கேட்டார். அவர் சந்தேகப்பட்டதில் நியாயம் இருக்கிறது. பிரஸ் மிஷினில் விரலைக் கொடுத்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். விளையாட்டு வினையாகும் என்று சொல்லித்தான் நம் வீடுகளில் பிள்ளைகளை அதட்டுகிறோம். இரும்பு ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் கைவீசி விளையாடச் சொல்ல நான் வரவில்லை.

கேரம் போர்டு வாங்கிப் போடுங்கள் என்று சொல்லவும் வரவில்லை. இங்கிருந்து பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்தில் பெங்களூர். அங்கே கண்ணாடிக் கட்டடங்களில் மேசைக் கால்பந்து, தரையில் போட்ட மெத்தை நாற்காலி, வெள்ளிக்கிழமை மாலை கட்டாய மியூசிக்கல் சேர் எல்லாம் உண்டு. மேலாளர் விசில் ஊதியதும் எல்லோரும் சிரிக்க வேண்டும். அந்தக் கால்பந்து மேசையில் வருகைப் பதிவேட்டுக்குப் பயந்து யாரும் கை வைப்பதில்லை என்று அங்கே வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகளே சொல்கிறார்கள்.

நான் விளையாட்டு என்று சொல்வது வேறொன்று. ஒரு தொழிலாளி தன் முன்னால் இருக்கும் பொருளையும் கருவியையும் வைத்துக்கொண்டு, "இதை இப்படிச் செய்து பார்த்தால் என்ன ஆகும்?" என்று செய்து பார்க்கிறார். என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியாது. ஒன்றும் ஆகாமல் போனால் கூலி போகாது, திட்டு விழாது. இந்த இரண்டும் சேர்ந்து இருந்தால் அது விளையாட்டு. அதனால் உங்கள் தொழிலுக்கு என்ன லாபம், அதற்கு யார் செலவு செய்ய வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

இந்த விளையாட்டு நம் பட்டறைகளில் வருடத்தில் ஒருநாள் ஏற்கெனவே நடக்கிறது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாலை. அன்றைக்கு உற்பத்திக் கணக்கு கிடையாது. டீசலில் நனைத்த துணியால் லேத்தின் படுக்கையைத் துடைக்கிறார்கள். வருடம் முழுவதும் எண்ணெய்ப் பிசுக்கு மூடியிருந்த இடுக்கெல்லாம் வெளிச்சம் பார்க்கிறது. போல்ட் தளர்ந்திருப்பது, பெல்ட் நார் விட்டிருப்பது, கியர் பெட்டியின் அடியில் எண்ணெய் கசிவது எல்லாம் அன்றைக்குத்தான் கண்ணில் படுகின்றன. ஜப்பானிய ஆலைகளில், இயந்திரத்தை ஓட்டுபவரே அதைச் சுத்தம் செய்யட்டும், சுத்தம் செய்வதே சோதனை செய்வதுதான் என்று ஒரு முறை இருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுக்கப் பெரிய கம்பெனிகள் ஆலோசகர்களுக்குப் பணம் கட்டுகின்றன. நாம் பொரியும் சுண்டலும் வாங்கிக் கொடுத்து அதே வேலையை முடிக்கிறோம். சந்தனம், குங்குமம், கலர்ப் பேப்பர், வாசலில் வாழைமரம், பூசணிக்காய் என்று இருக்கும் கொண்டாட்டத்தில் இது ஒரு பராமரிப்பு முகாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. தோன்றியிருந்தால் அடுத்த வருடம் பாதிப் பேர் லீவு போட்டிருப்பார்கள்.

அப்படி ஒரு மாலையில், பெயர் வேண்டாம், ஒரு பட்டறையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வேலை பழகும் பையன் ஒருவன் லேத்துக்கு மாலை போட்டிருந்தான். பூ மாலை இல்லை, இரும்புச் சுருள் மாலை. கடையும்போது டூலின் முனையிலிருந்து உரிந்து வருமே, அந்தச் சுருள். வெப்பத்தில் சில இடங்களில் வைக்கோல் நிறமும் சில இடங்களில் மயில் கழுத்து நீலமும் ஏறியிருந்தது. அறுபடாமல் ஒரு கை நீளத்துக்குச் சுருள் வேண்டும் என்பதற்காக அவன் டூலை வேறு கோணத்தில் சாணை பிடித்திருக்கிறான், ஃபீடைக் குறைத்திருக்கிறான், வேகத்தைக் கூட்டியிருக்கிறான். மேஸ்திரி அதைப் பார்த்துத் திட்டினார். திட்டியது சரிதான். நீளச் சுருள் கையைக் கிழித்துவிடும், சக்கில் மாட்டினால் சாட்டை மாதிரி சுழலும்.

ஆனால் அந்தப் பையன் அன்றைக்கு ஒரு விஷயத்தைக் கையால் தெரிந்துகொண்டான். எதைக் குறைத்தால் சுருள் நீளும், எதைக் கூட்டினால் அது பொடிப்பொடியாக ஒடியும் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. சில மாதம் கழித்து அதே பட்டறைக்கு ஒரு ஷாஃப்ட் வேலை வந்தது. கடைந்து முடித்த பரப்பில் சுருள் சுற்றிக்கொண்டு கீறல் விழுந்து, உருப்படி திரும்பி வந்துகொண்டே இருந்தது. டூல் முனையில் சின்னதாக ஒரு பள்ளம் எடுத்து, ஃபீடைக் கொஞ்சம் கூட்டி, சுருளை ஒடித்து விழவைத்தவன் இந்த மாலைக்காரன்தான். ஐடிஐ பாடப் புத்தகத்தில் இது இருக்கிறது. பாடமாகப் படித்து மறந்தவர்கள் அந்தப் பட்டறையிலேயே இருந்தார்கள்.

இதிலிருந்து விளையாடியவர்கள் எல்லாம் மேதைகள் ஆகிவிடுவார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நூறு மாலையில் தொண்ணூறு மாலை பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்.

ஜப்பானைப் பற்றிப் பேச்செடுத்ததால் அங்கே ஒரு பொம்மைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தனாகா ஹிசாஷிகே. 1799-இல் பிறந்தவர். கயிறு, சக்கரம், திமிங்கலத்தின் வாய்த் தகட்டில் செய்த ஸ்பிரிங் இவற்றை வைத்துத் தானாக இயங்கும் பொம்மைகள் செய்வது அந்த நாட்டில் பழைய கலை. கராகுரி என்பார்கள். தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்தால் விருந்தாளியை நோக்கி நடந்து வரும், கோப்பையை எடுத்ததும் நின்றுவிடும் பொம்மைகள் உண்டு. தனாகா செய்த பொம்மைச் சிறுவன் அம்பை எடுத்து, வில்லில் பூட்டி, இலக்கைப் பார்த்து எய்வான். வேடிக்கை காட்டிப் பிழைத்த மனிதர். 1851-இல், பல வகைக் காலக் கணக்குகளை ஒன்றாகக் காட்டும் ஒரு பெரிய கடிகாரம் செய்தார். பிறகு நீராவி இயந்திரம், தந்திக் கருவி. 1875-இல் தோக்கியோவில் அவர் தொடங்கிய பட்டறைதான் பின்னாளில் தோஷிபாவாக வளர்ந்தது.

கதை அதோடு முடியவில்லை. இன்றைக்கும் ஜப்பானியத் தொழிற்சாலைகளில் கராகுரி என்ற பெயரிலேயே ஒரு வேலைமுறை இருக்கிறது. மோட்டாரும் மின்சாரமும் இல்லாமல், பளு, சாய்தளம், நெம்புகோல், ஸ்பிரிங் இவற்றை மட்டும் வைத்துச் சரக்கை நகர்த்துவது. உருப்படி நிரம்பிய பெட்டி தன் எடையாலேயே சரிவில் இறங்கிப் போய்ச் சேரும். காலியானதும் மறுபக்கம் தொங்கும் எதிர்ப்பளு அதை மேலே இழுத்துக்கொள்ளும். இவற்றைத் தொழிலாளிகளே தகரம், பைப், பழைய சக்கரம் வைத்துச் செய்து, வருடா வருடம் கண்காட்சியில் வைக்கிறார்கள். கரண்டு பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விடும் இந்த அவைக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

சரி, வெளியூர்க் கதை போதும். இந்த மாவட்டத்துக்கு வருவோம்.

1965-இல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மாவட்டம் உண்டானது. 2004 பிப்ரவரி வரை கிருஷ்ணகிரியும் ஓசூரும் நம்மோடுதான் இருந்தன. ஆகவே 2002-இல் ஓசூரில் நடந்ததைத் தருமபுரி மாவட்டத்தில் நடந்தது என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. அந்த ஒரே வருடத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன.

ஒன்று, டைட்டன். டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய கம்பெனி. பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகளை எடுத்து, நுணுக்க வேலை பழக்கி, ஓசூரில் கடிகாரம் செய்தார்கள். அதன் நிர்வாக இயக்குநராக இருந்த செர்க்ஸஸ் தேசாய், உலகத்திலேயே மெல்லிய கைக்கடிகாரத்தை நம்மால் செய்ய முடியுமா என்று தன் பொறியாளர்களுக்குச் சவால் விட்டார். யாரும் கடைக்கு வந்து அப்படி ஒன்றைக் கேட்கவில்லை. ஆர்டர் இல்லை, அவசரம் இல்லை. முடியுமா பார்ப்போம் என்பதுதான் முதல். கடிகாரத்தின் உள்ளே இருக்கும் இயந்திரத்தின் தடிமன் 1.15 மில்லிமீட்டர். முழுக் கடிகாரமும் சேர்த்து 3.5 மில்லிமீட்டர். மெல்லிதாகச் செய்வது பாதிச் சிரமம்தான். அத்தனை ஒல்லியான உடம்புக்குள் தண்ணீரும் புகக் கூடாது என்றதுதான் மீதி. வருடக்கணக்கில் முட்டி மோதி, 2002-இல் எட்ஜ் என்ற பெயரில் அதைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். அது நல்ல விலைக்குப் போனது, கம்பெனிக்குப் பெயரும் வாங்கித் தந்தது.

இதை விளையாட்டு என்று சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். பெரிய கம்பெனி, சம்பளம் வாங்கும் பொறியாளர்கள், ஆய்வுக் கூடம். சொல்லலாம் என்றுதான் நினைக்கிறேன். பலன் இன்ன தேதிக்குள் வர வேண்டும் என்று தொடக்கத்திலேயே கணக்குப் பார்த்திருந்தால் இந்த வேலை தொடங்கியே இருக்காது. தோற்றாலும் செலவு கம்பெனியுடையது என்று தேசாய் ஏற்றுக்கொண்டார். விளையாட்டின் இலக்கணத்துக்கு அது போதும்.

இரண்டாவது, டிவிஎஸ் மோட்டார். அதே ஓசூர், அதே 2002. தரத்துக்காக ஜப்பானில் கொடுக்கப்படும் டெமிங் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. இருசக்கர வாகனம் செய்யும் கம்பெனி ஒன்று அந்தப் பரிசை வாங்கியது அதுதான் முதல் தடவை. அந்த வழிமுறையின் அடிப்படை ரொம்ப எளிது. வேலையில் இருக்கும் குறை, வேலை செய்பவனுக்குத்தான் தெரியும். அவன் சொல்லட்டும், முடிந்தால் அவனே மாற்றிப் பார்க்கட்டும். பரிசுக்குப் பெயர் தந்த டெமிங் என்ற அமெரிக்கர் நிர்வாகிகளுக்குச் சொன்ன பதினான்கு விதிகளில் எட்டாவது, ஆலையிலிருந்து பயத்தை ஓட்டுங்கள் என்பது. அவர் புள்ளியியல் பேராசிரியர். எண்களையே பேசிய மனிதர் பயத்தைப் பற்றி ஏன் பேசினார்? பயந்தவன் கொடுக்கும் எண் பொய்யாக இருக்கும். உருப்படி கெட்டதை மறைப்பான், நல்ல வழி தெரிந்தாலும் வாயைத் திறக்க மாட்டான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தொழிலாளி ஏன் தன் விளையாட்டை மறைக்கிறான்? உங்களில் சிலருக்குக் கசக்கும், இருந்தாலும் கேளுங்கள்.

நம் ஊர்ப் புளி மண்டிக்குப் போவோம். மாசி, பங்குனியில் புளி இறங்கியதும் ஓடு நீக்கி, நார் எடுத்து, கொட்டை எடுக்க வேண்டும். பெண்கள் கல்லின் மேல் புளியை வைத்துத் தடியால் தட்டுவார்கள். கொட்டை தெறித்து விழும். கூலி கிலோக் கணக்கு. ஒரு கொட்டகையில் ஓர் அம்மா தன் தடியின் கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றியிருந்தார். பக்கத்தில் யாரிடமும் அது இல்லை. ஏன் என்று கேட்டேன். "கை காச்சுப் போவுதுங்க சார். இதைச் சுத்துனா வழுக்காது, ரெண்டு கிலோ கூடத் தட்டலாம்" என்றார். முதலாளியிடம் சொன்னீர்களா, எல்லாருக்கும் சுற்றிக் கொடுப்பாரே என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். "எல்லாரும் ரெண்டு கிலோ கூடத் தட்டுனா கிலோவுக்கு எட்டணா கொறைச்சிருவாங்க." அதற்கு மேல் நான் பேசவில்லை.

டொனால்ட் ராய் என்று ஒரு அமெரிக்க சமூகவியலாளர். 1940-களின் நடுவில் ஓர் இயந்திரப் பட்டறையில் துளை போடும் வேலைக்குத் தொழிலாளியாகவே சேர்ந்து, அங்கே நடப்பதைக் குறித்து வைத்தார். அவர் எழுதியது 1952-இல் வந்தது. புளிக் கொட்டகை அம்மா சொன்னதேதான். வேகமாகச் செய்யும் வழி ஒவ்வொருவருக்கும் தெரியும். ஓர் அளவுக்கு மேல் செய்து காட்டினால் பீஸ் ரேட்டை வெட்டுவார்கள் என்பதும் தெரியும். அதனால் மீதி நேரத்தைச் சும்மா கழிப்பார்கள். முதலாளி நஷ்டப்பட்டது எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. கண்டுபிடித்தவை எல்லாம் தொழிலாளியின் சட்டைப் பைக்குள் இருந்தன.

அதே ராய் இன்னொரு ஆலையிலும் வேலை பார்த்தார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், வாரம் ஆறு நாள், ஒரே இயந்திரத்தில் ஒரே அழுத்து அழுத்தும் வேலை. பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்தாராம். பிறகுதான் கவனித்தார். அங்கே இருந்த வயதான தொழிலாளிகள் நாளைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒருவர் கொண்டுவரும் வாழைப்பழத்தை இன்னொருவர் தினமும் திருடித் தின்பார். பழத்துக்காரர் தினமும் கத்துவார், மறுநாளும் பழம் கொண்டுவருவார். இப்படி ஒவ்வொரு மணிக்கும் ஒரு கூத்து. 'வாழைப்பழ நேரம்' என்று பெயர் வைத்து அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வேலைத்தல ஆய்வுகளில் இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். சலிப்பு ஆளைத் தின்னாமல் காப்பாற்றிய அந்த ஏற்பாட்டை நிர்வாகம் செய்யவில்லை, தடுக்கவுமில்லை.

நமக்கு இது புதிதா? கிணற்றில் ஏற்றம் இறைத்த காலத்தில் பாட்டு இல்லாமல் இறைத்தவர் உண்டா? ஏற்றப் பாட்டு அலுப்பைத் தீர்த்தது, கூடவே சால்களை எண்ணிக்கொண்டும் வந்தது. பாட்டிலேயே எண்ணிக்கை ஓடும். எத்தனை சால் தண்ணீர் பாய்ந்தது என்பதற்கு அதுதான் மீட்டர். நடவுப் பாட்டும் அப்படித்தான். வரிசையாக நிற்கும் இருபது பேரும் ஒரே நேரத்தில் குனிந்து நிமிர வேண்டுமென்றால் மேற்பார்வையாளரை விடப் பாட்டு மலிவு. கம்பர் ஒரு காலையில் ஏற்றக்காரர் பாட்டைக் கேட்டு, அடுத்த அடி என்ன என்று தெரியாமல் மறுநாள் காலை வரை காத்திருந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, தண்ணீர் இறைப்பவன் கவிச்சக்கரவர்த்தியைக் காக்க வைத்தான் என்று நம்ப ஆசைப்பட்ட ஊர் நம்முடையது. மோட்டார் வந்தது, ஏற்றம் போனது. ஏற்றத்துக்காக நான் அழவில்லை, அது முதுகை ஒடிக்கும் வேலை.

இனி, என் பேச்சில் முக்கியமானதாக நான் கருதும் உதாரணம். அது நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

அரூருக்கு அப்பால், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. மலையாளி மக்களும் லம்பாடி மக்களும் வாழும் இடம். 1993-இல் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற மருத்துவத் தம்பதி அங்கே ஒரு குடிசையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார்கள். அது இன்று மருத்துவமனையாக நிற்கிறது, நாட்டுக்கே தெரிந்த கதை. நோயைப் பார்த்தவர்கள் நோய்க்குக் காரணமான வறுமையையும் பார்த்தார்கள். அதிலிருந்து இயற்கை விவசாயச் சங்கம் வந்தது. பிறகு, 2006 வாக்கில், ஊசி நூல் வந்தது.

லம்பாடிப் பெண்களின் தையல் வேலையை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். சிவப்பும் நீலமும் மஞ்சளும் கலந்த நூல், நடுவே கண்ணாடிச் சில்லு, ஓரத்தில் சோழி. அட்டை மாதிரியோ கோடு போட்ட வரைபடமோ கிடையாது. துணியின் நெசவு இழைகளை எண்ணி எண்ணி, கட்டம் கட்டமாகப் பூ எழும்பும். ஒருகாலத்தில் அவர்கள் இதை விற்பதற்காகச் செய்ததில்லை. தனக்கும் தன் மகளுக்கும் பாவாடைக்கும் ரவிக்கைக்கும் செய்துகொண்டது. சிட்லிங்கியில் பெண்கள் சேலைக்கு மாறினார்கள், தையல் நின்றுபோனது. ஊரில் வேலை இல்லாமல் குடும்பம் குடும்பமாகத் திருப்பூர்ப் பக்கம் போனார்கள். அந்தத் தையலை மறக்காதவர்கள் என்று மூத்த பெண்கள் இரண்டொருவரே மிஞ்சினார்கள். அவர்களை உட்காரவைத்து இளம் பெண்கள் கற்றுக்கொள்ளத் தொடங்கியதுதான் இன்றைக்குப் போர்கை என்ற கைவினைஞர் சங்கமாக இருக்கிறது. லம்பாடி மொழியில் அதற்குப் பெருமை என்று பொருள். அறுபது பேர் அளவில் பெண்கள் வேலை செய்கிறார்கள். தலையணை உறை, பை, குர்த்தா, சேலை எல்லாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் அதற்கு அப்பாலும் போகின்றன.

இதை நான் தொண்டு நிறுவனக் கதையாகச் சொல்லவில்லை. தொழில் நடத்துபவர்களின் கண்ணால் பாருங்கள். எம்பிராய்டரிக்குக் கம்ப்யூட்டர் மிஷின் இருக்கிறது. சூரத்திலிருந்து மீட்டர் கணக்கில் மலிவாக வந்து இறங்குகிறது. கையால் தைக்கும் பெண் விலையிலும் வேகத்திலும் அதோடு போட்டி போட முடியுமா? முடியாது. அவள் விற்பது, மிஷினால் முடியாத ஒன்றை. ஒருத்தி தைத்தது போல் இன்னொருத்தி தைப்பதில்லை. மூலை திரும்பும்போது இழை எண்ணிக்கை சரியாக வராவிட்டால் அங்கேயே ஒரு புது வளைவைக் கண்டுபிடித்துத்தான் ஆக வேண்டும். நூல் தீர்ந்தால் பக்கத்து நிறத்தை எடுத்துக்கொள்கிறாள். பழைய காலத்தில் பொழுதுபோக்காகச் செய்தபோது கைக்கு வந்த சுதந்திரம் இது. வாங்குகிறவர் காசு கொடுப்பதும் இதற்குத்தான். நூறு உருப்படியும் அச்சு வார்த்த மாதிரி ஒன்றாக இருக்க வேண்டும் என்று பெரிய கடை ஒன்று நிர்ப்பந்தித்து, இவர்களும் ஒத்துக்கொண்டால், அந்த நாளே சூரத் ஜெயித்துவிடும். ஏற்றுமதிக்காரர்கள் தருகிற எல்லா ஆர்டரும் நல்ல ஆர்டர் இல்லை என்பது என் எண்ணம்.

ஊக்கத்தொகை கொடுத்தால் புதுமை வராதா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய சோதனையைச் சொல்கிறேன். 1962-இல் சாம் கிளக்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் செய்தது. ஒரு மெழுகுவத்தி, தீப்பெட்டி, ஒரு பெட்டி நிறையப் பலகையில் குத்தும் சிறு ஆணிகள். மெழுகு கீழே ஒழுகாதபடி மெழுகுவத்தியைச் சுவரில் நிறுத்த வேண்டும். ஆணிகளைக் கொட்டிவிட்டு, காலிப் பெட்டியைச் சுவரில் குத்தி, அதன்மேல் மெழுகுவத்தியை நிறுத்துவதுதான் விடை. ஒரு குழுவுக்குச் சும்மா செய்யச் சொன்னார். இன்னொரு குழுவுக்கு, வேகமாக முடித்தால் பணம் என்றார். பணக் குழு சராசரியாக மூன்றரை நிமிடம் பிந்தியது. பெட்டியை ஆணி வைக்கும் பெட்டியாக மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஆணிகளை வெளியே கொட்டி, காலிப் பெட்டியைத் தனியாக வைத்துக் கொடுத்தபோது, விடை கண்ணெதிரே இருந்ததால் பணக் குழு முந்திக்கொண்டது. வழி தெரிந்த வேலைக்குப் பீஸ் ரேட் ஓட வைக்கும். வழியைக் கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் அதே பீஸ் ரேட் கண்ணைக் கட்டும். உங்கள் பட்டறையில் இரண்டு வகை வேலையும் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே கூலிமுறையை வைத்திருக்கிறோம்.

என்ன செய்யலாம் என்று சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். பெரிய திட்டம் ஒன்றும் கிடையாது. சனிக்கிழமை கடைசி ஒரு மணி நேரம். எப்படியும் அந்த நேரத்தில் கை ஓடுவதில்லை, கூலிப் பட்டுவாடாவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஒரு மணிக்கு நாள்கூலி வழக்கம்போல. மூலையில் ஒரு பெட்டியில் வெட்டுத் துண்டு, பழைய பேரிங், தகரம், பட்டு நூற்பவராக இருந்தால் கழிவு நூல். என்ன வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம், ஓடும் இயந்திரத்தில் கைவைக்காமல். மேஸ்திரி அந்த நேரத்தில் டீ குடிக்கப் போய்விடுவது நல்லது. அவர் நின்றால் எல்லோரும் அவருக்குப் பிடித்ததைத்தான் செய்வார்கள்.

அதைவிட முக்கியம், கண்டுபிடித்ததற்காகக் கூலி விகிதத்தைக் குறைக்க மாட்டேன் என்று நீங்கள் சொல்வது. வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள், எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒருத்தர் யோசனையால் மூன்று பேர் செய்த வேலையை இரண்டு பேர் செய்ய முடிகிறது என்றால் மூன்றாவது ஆளை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அனுப்பினால் அதுதான் உங்கள் பட்டறையில் வரும் கடைசி யோசனை. அந்த ஆளை வேறு வேலைக்கு மாற்ற வழியில்லாத அளவுக்கு நெருக்கடி என்றால், இந்த விளையாட்டைத் தொடங்காமல் இருப்பதே நேர்மை. யோசனை யாருடையதோ அவர் பெயரைச் சொல்லுங்கள். மகன் கண்டுபிடித்தான் என்று வாடிக்கையாளரிடம் சொல்லும் பழக்கம் நம் ஊர் முதலாளிகளிடம் நிறைய. வேலை செய்பவர்களுக்கு அது கேட்கும்.

ஆட்கள் நிற்பதில்லை என்று இந்த அவையில் எல்லோருக்கும் குறை இருக்கிறது. பழகின பையன் ஓசூருக்கோ பெங்களூருக்கோ திருப்பூருக்கோ போய்விடுகிறான். சம்பளத்தில் நீங்கள் அந்த ஊர்களோடு மோத முடியாது. ஆனால் பெரிய ஆலையில் அவன் ஒரு லைனில் ஒரு ஸ்க்ரூவைத்தான் முடுக்குவான். டூலைத் தன் இஷ்டத்துக்குச் சாணை பிடித்துப் பார்க்க அங்கே யாரும் விட மாட்டார்கள். அந்த மாலைக்காரப் பையன் இன்னமும் அதே பட்டறையில்தான் இருக்கிறான். சம்பளமும் கூட்டிக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஒன்றை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும்.

கடைசி வரிசையில் ஒருவர் ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். ஆடிட்டர் என்று நினைக்கிறேன். சனிக்கிழமைக் கூலியை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்கப் போகிறார். பயிற்சிச் செலவு என்று எழுதுங்கள் சார். மற்ற கேள்விகளை டீ குடித்துக்கொண்டே பேசுவோம்.